உக்கடத்தில் கண்ட ஒரு தகடும் தேயும் விளிம்பும்



நேற்று உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றின் வாசலில், பிரித்துப் போட்ட கிணற்று மோட்டாரைப் பார்த்தேன். உள்ளிருந்த தகடுகள் சீட்டுக்கட்டு சரிந்தாற்போல் கிடந்தன. ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவினேன். விரலில் சுருக்கென்றது. அதுதான் பிசிறு; பட்டறையில் 'பர்' என்பார்கள். அதற்குப் பின்னால் நம் ஊர் வரலாறு இருக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். பிறகு கணபதி, ஆவாரம்பாளையம் என்று பட்டறைகள் பெருகின.

மோட்டாரின் இரும்புப் பகுதி ஒரே கட்டியாக இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகும். அதனால்தான் சுமார் 0.5 மி.மீ. சிலிக்கான் எஃகுத் தகடுகளைப் பிரஸ்ஸில் வெட்டி, இடையில் காப்புப் பூச்சோடு அடுக்குகிறார்கள். பிசிறு பெரிதானால் பூச்சைக் கிழித்துத் தகட்டோடு தகட்டைச் சேர்த்துவிடும். மோட்டார் சுடும், மின்சாரம் வீணாகும்.

பிசிறு ஏன் வருகிறது? 'அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு' என்று கரும்பலகையில் எழுதி, உங்களுக்கு ஆணியை உதாரணம் காட்டினேன். பிரஸ் பட்டறைக்குப் போன மாணவன் ஒருவன் எனக்கு டையைக் காட்டினான். வெட்டும் விளிம்பு மொத்தம் ஒரு மீட்டர் நீளம் என்றாலே 15 டன்னுக்கு மேல் விசை வேண்டும். அத்தனையும் விளிம்பை ஒட்டிய மெல்லிய பட்டையில்தான் இறங்குகிறது. அடி விழ விழ விளிம்பு மழுங்குகிறது. மழுங்கிய விளிம்பு சுத்தமாக வெட்டாது. தகட்டை இழுத்துக் கிழிக்கும்.

அழுத்தும் விசையும் உரசும் தூரமும் கூடினால் தேய்மானம் கூடும், கடினம் கூடினால் குறையும் என்று 1953-ல் ஆங்கிலேயர் ஆர்ச்சர்ட் கணக்காக எழுதினார். விசையையும் தூரத்தையும் அதிகம் குறைக்க முடியாது. ஆகவே கடினத்தைத் தேடினார்கள். சாதாரணக் கார்பன் எஃகிலிருந்து குரோமியம் மிகுந்த எஃகுக்கும், பிறகு டங்ஸ்டன் கார்பைடுக்கும் டை மாறியது. 1920-களில் ஜெர்மனியில் வந்த அந்தக் கார்பைடைத்தான் பட்டறையில் 'விடியா' என்கிறோம். 'வைரம் போல' என்று பொருள். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சற்றுக் கோணினாலும் சில்லாகப் பெயரும்.

எந்த டையானாலும் ஒரு நாள் நிறுத்திச் சாணை பிடித்தே ஆகவேண்டும். அந்த மாணவன் ஒருமுறை அப்படி நிறுத்தியதற்கு, உற்பத்திக் கணக்கு குறைகிறது என்று திட்டு வாங்கினானாம். "மறுபடி பர் வந்தது, மறுபடி நிறுத்தினேனுங்க ஐயா" என்றான். ஏதோ ஒரு தோட்டத்தில் கோடைத் தண்ணீர் நிற்காமல் ஓடியதில் அவனுக்கும் பங்குண்டு.

டூல் ரூமில் இருக்கும் என் பிள்ளைகளே, இப்போதெல்லாம் எத்தனை அடிக்கு ஒருமுறை சாணை பிடிக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். வாத்தியார் படிக்கக் காத்திருக்கிறேன்.