கம்பம் பள்ளத்தாக்கில் கீர்த்தனையும் காணிக்கையும்

தேனி, கம்பம் வட்டாரக் கிறிஸ்தவர்கள் கடவுளுக்கு நன்றி செலுத்தும் முறையைத் தமிழ்ப் பாட்டும் வயல் விளைச்சலும் சேர்ந்து வடித்தன. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் காலத்தில் வேர்பிடித்த கத்தோலிக்க மரபை இராயப்பன்பட்டி பனிமய மாதா ஆலயத்தில் இன்றும் காணலாம். சீர்திருத்த சபையைக் கொண்டுவந்தது அமெரிக்க மதுரை மிஷன். 1834இல் மதுரையில் தொடங்கிய அது, 1848இல் பெரியகுளத்தில் நிலையம் அமைத்தது.

தொடக்கத்தில் சபைகள் பாடியவை பெரும்பாலும் மேனாட்டு மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டுகள். மெட்டுக்காகக் குறில் நீண்டது, நெடில் குறுகியது, பொருள் கெட்டது. மனமார எழ வேண்டிய துதி நாவிலேயே தடுமாறியது. இதற்கு மாற்று தஞ்சாவூரில் ஏற்கெனவே இருந்தது. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டில், இராக தாளத்தோடு கீர்த்தனைகள் இயற்றியிருந்தார். அவற்றையும் பிறர் பாடல்களையும் திரட்டி, 1853இல் நூலாக வெளியிட்டவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். வெப்பின் உழைப்பு பெரிது. அதற்கு உயிர் தந்த பாட்டு சாஸ்திரியாருடையது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் எழுத்தறியாதவரும் கேட்டே கற்றுக்கொண்டு சேர்ந்து பாட முடிந்தது.

பாட்டுக்கு இணையாக நின்றது காணிக்கை. 1895இல் பெரியாறு அணை நீர் வந்த பின் பள்ளத்தாக்கின் விவசாயம் செழித்தது. இன்று லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. தமிழகச் சபைகளில் அறுப்பின் பண்டிகை நாளன்று நெல், வாழைத்தார், தேங்காய், காய்கறி, கோழி எல்லாம் பீடத்தின் முன் வந்து சேரும். முதற்பலனைக் கூடையில் வைத்துக் கர்த்தருக்குப் படைக்கச் சொல்லும் உபாகமம் 26ஆம் அதிகாரமே இதற்கு அடிப்படை.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்கள் ஏலம் விடப்படும். ஒரு தேங்காய்க்குச் சந்தை விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். கேட்பவர் வாங்குவது தேங்காயை அல்ல, தம் நன்றியைச் சபையார் முன் சொல்லும் வாய்ப்பை. தொகை சபை நிதியில் சேரும்.