‘ஃபண்ட் இல்லை சார்!’

1941-ம் வருஷம். விருதுநகர் நகராட்சிக்குப் புதுசாக ஒரு சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்மன் எங்கே? வேலூர் ஜெயிலில்! பெயர் காமராஜ். தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கு ஆள் திரட்டிக் கொண்டிருந்தவரை 1940 டிசம்பரில் பிடித்து உள்ளே போட்டிருந்தது பிரிட்டிஷ் அரசு. விடுதலையாகி ஊர் திரும்பியவர் செய்த காரியம், அந்தப் பதவியை ராஜினாமா செய்தது. முழுசாக உழைக்க முடியாத பதவியில் உட்காரக் கூடாது என்பது அவர் கட்சி. நாட்டு வேலை தலைக்கு மேல் கிடக்க, ஊர் வேலையை அரைகுறையாகச் செய்ய அவருக்கு மனசில்லை.

அப்படி என்ன பெரிய வேலை நகராட்சியில் என்கிறீர்களா? தண்ணீர், குப்பை, சாக்கடை, தெரு. கேட்க ரொம்பச் சின்ன விஷயங்கள். ஆனால், உங்கள் வீட்டு வாசலில் தினமும் நீங்கள் சந்திக்கிற அரசாங்கம் அதுதான்!

சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920-ல் வந்தது. ஊரில் உள்ள பொதுத்தெருக்களை நகராட்சியின் கையில் ஒப்படைத்து, ‘பராமரிப்பது உன் கடமை’ என்றது. தெரு என்றால் நடுவில் கறுப்பாக ஓடும் தார் மட்டுமில்லை. ஓரத்துச் சாக்கடை, ஆள் நடக்கிற பாதை எல்லாம் சேர்ந்ததுதான் தெரு. அன்றைக்கே அப்படித்தான் எழுதி வைத்தார்கள்.

ஆனால், தெருவில் யார் நடக்கலாம்? அன்றைக்குப் பெரிய வழக்கே இதுதான். தெரு பொதுவாக இருந்தும், சாதியைச் சொல்லிப் பலரை அதற்குள் விடவில்லை. 1924-ல் வைக்கத்தில் பெரியார் ஜெயிலுக்குப் போனது கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக! அதே வருஷம் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எந்தச் சாதிக்காரருக்கும் பொது என்பது அதன் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் கதவு திறந்தது. தெருவில் திறக்க இன்னும் எத்தனையோ வருஷம் போராட வேண்டியிருந்தது.

சரி, நடக்க உரிமை கிடைத்துவிட்டது. நடக்கிற மாதிரி தெரு இருக்க வேண்டாமா? இதற்கு நாம் மத்தியப் பிரதேசம் வரை போக வேண்டும்.

ரட்லாம் என்று ஓர் ஊர். ரயில் ஜங்ஷன். அங்கே நியூ ரோடு பகுதியில் திறந்த சாக்கடை, மலம், சாராய ஆலைக் கழிவு, கொசு. குடியிருந்தவர்கள் நகராட்சியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு அவர்களுக்குக் கைகொடுத்தது. பொதுஜனத்துக்கு இடைஞ்சலானதை அகற்றச் சொல்லி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிற பிரிவு அது. ‘ஆறு மாசத்துக்குள் திட்டம் போடு’ என்றார் அவர். நகராட்சி பணியவில்லை. செஷன்ஸ் கோர்ட்டில் ஜெயித்தது, ஹைகோர்ட்டில் தோற்றது, சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது!

அதன் வாதத்தைக் கேளுங்கள். ‘வசதி இல்லை என்று தெரிந்துதானே இவர்கள் இங்கே வீடு கட்டினார்கள்?’ இது முதலாவது. இரண்டாவது, நமக்கெல்லாம் மனப்பாடமான பதில்: ‘ஃபண்ட் இல்லை சார்!’

1980 ஜூலையில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பொதுச் சுகாதாரத்தைக் காக்கவே பிறந்த ஓர் அமைப்பு, பணமில்லை என்று சொல்லி அந்த வேலையிலிருந்தே ஓட முடியாது என்று அடித்துச் சொன்னார். சாக்கடை கட்டவும் கழிப்பறை கட்டவும் கெடு விதித்தார்.

பி.காம். படித்தவன் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்த பட்ஜெட்டிலும் ‘பணம் இல்லை’ என்று ஒரு வரி இருக்காது. பணம் முதலில் எதற்குப் போகிறது, எது வரிசையின் கடைசியில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. கடைசியில் நிற்பது பெரும்பாலும் நடந்து போகிறவன்!

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்துக் கிட்டத்தட்ட 40 பேர் செத்தார்கள். ஒவ்வொரு விபத்திலும் நாம் சாவை எண்ணுகிறோம். பிழைத்தவர்களை? கால் போனவர், தீக்காயத்தில் கை மடங்கிப் போனவர், கண் தெரியாமல் போனவர் எல்லோரும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் வீடு திரும்புவார்கள். ரேஷன் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போக வேண்டும். பெயர்ந்த சிலாப், நட்டநடுவில் கரண்ட் கம்பம், படிக்கட்டு மாதிரி ஒன்றரை அடி உயரம்... ஊன்றுகோலோடு எப்படி ஏறுவது?

நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவே கொடுத்திருக்கிறது. தடங்கல் இல்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம். உயரம் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது அரை அடிக்கு, மேல் கூடாது. சக்கர நாற்காலிக்குச் சரிவு, 12 அடி நீளத்துக்கு ஒரு அடிதான் ஏற வேண்டும். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படியான, ஆக்கிரமிப்பு இல்லாத நடைபாதை, உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது! அந்த வழக்கைப் போட்டவர் டெல்லிக்காரர் அல்ல. கோயம்புத்தூர் எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன். உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்தே கோர்ட் படியேறியவர்.

சிவகாசி 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆகிவிட்டது. 1998-ல் எழுதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம், 25 வருஷம் தூங்கி எழுந்து 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. வார்டு கமிட்டி, ஏரியா சபை எல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவை அளங்கள். போட்டோ எடுங்கள். ஏரியா சபையில் பேசுங்கள். மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். புது நடைபாதை போட்டிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். அந்தச் சட்டப்படி வேலையை நேரில் பார்வையிடலாம், போட்ட பொருளில் சாம்பிள்கூட வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது! எதற்கும் அசையவில்லையா? பழைய 133 இப்போது புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தில் 152-வது பிரிவு. அந்த மனுவோடு ஆர்.டி.ஓ. முன்னால் நிற்கலாம்.

கவுன்ட்டரில் ‘ஃபண்ட் இல்லை’ என்று பதில் வந்தால் சத்தம் போடாதீர்கள். ‘அதை எழுத்தில் கொடுங்க சார்’ என்று மட்டும் கேளுங்கள். ரட்லாம் கதை தெரிந்த எந்த அதிகாரியும் அதை எழுத மாட்டார்.