வீட்டு வேலையும் போக்கிடமும்

நாட்டு வரலாறு எழுதுவோர் அரண்மனையை நோக்குவர், போர்க்களத்தை நோக்குவர், துறைமுகத்தை நோக்குவர். அடுப்படியை நோக்குவோர் மிகச் சிலரே. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பாத்திரம் துலக்கித் துணி வெளுத்துப் பிள்ளைகளையும் முதியோரையும் பேணுவோர் இல்லாமல் எந்த அரசும் எந்த வாணிகமும் ஒரு நாளேனும் நடந்ததுண்டா? அவ்வேலையைச் செய்தவர் யார்? எந்த ஏற்பாட்டின்மேல் செய்தனர்? வேண்டாமென்று தோன்றியபோது விட்டுப்போக அவர்களால் முடிந்ததா? இம்மூன்று வினாக்களையும் மலாயா, சிங்கப்பூர் நாடுகளின் வீடுகளை நோக்கி எழுப்புவதே இக்கட்டுரையின் கருத்து. மூன்றனுள்ளும் இறுதி வினாவே தலையாயது என்பது போகப்போகப் புலனாகும்.

சொற்கள் கூறும் செய்தி

முதலில் சொற்களை ஆராய்வோம். தொல்காப்பியர் அகத்திணையியலில் அடியோர் என்றும் வினைவலர் என்றும் இரு சாராரைத் தனித்தனியே குறிக்கின்றார். அடியோர் பிறர்க்கு உடைமையானவர். வினைவலர் பிறர் ஏவிய தொழிலைச் செய்பவர். இருவரும் செய்வது வேலைதான். எனினும் இருவரையும் ஒரு சொல்லால் அடக்கிவிட அவர் விரும்பவில்லை.

பின்னர்ப் போர்த்துகீசியர் வந்தனர். சாவியும் அலமாரியும் மேசையும் சன்னலும் அவர்கள் மொழியிலிருந்தே நம் வீடுகளுக்குள் நுழைந்தன. பிள்ளை வளர்ப்பவளைக் குறிக்கும் ‘ஆயா’ என்ற சொல்லும் அவ்வழியே வந்ததுதான். இந்நாட்டில் சீனப் பணிப்பெண்ணைக் குறித்த ‘அமா’ என்ற சொல்லுக்கும் செவிலியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லே மூலம் என்பர். கதவின் திறவுகோலுக்கும் அக்கதவுக்குள் உழைத்த பெண்ணுக்கும் ஒரே மொழியிலிருந்து பெயர் வந்தது. ஆனால் திறவுகோல் எவர் கையில் இருந்தது என்பதே கேள்வி.

கடனடிமையும் ‘சின்னத் தங்கை’யும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரா நாட்டில் பெருந்தலைவர் வீடுகளில் வேலை செய்தோருட் பலர் கடனடிமைகள். கடனைத் திருப்ப இயலாதவன் கடன் கொடுத்தவன் வீட்டுக்கு உழைக்கச் செல்வான். அவன் மனைவியும் மக்களும் உடன் செல்வர். அவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் அவ்வுழைப்பு கடனில் கழியாது. 1874-இல் பேராவின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பெர்ச், ஓடி வந்த அடிமைப் பெண்களுக்குத் தம் இருப்பிடத்தில் புகலிடம் கொடுத்தார். அவர் மீது தலைவர்கள் கொண்ட சினத்திற்கு வரி வசூல் முறையில் அவர் செய்த மாற்றங்கள் மட்டுமல்லாமல் இதுவும் ஒரு காரணமாயிற்று. 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். பேராவில் அடிமை முறை சட்டப்படி முடிவுற்றது 1884-இல்தான். ஓடிப்போக ஓர் இடம் உண்டு என்பதே அம்முறையின் அடித்தளத்தை அசைத்தது. அதனைத் தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நகரங்களிலோ வேறொரு வழக்கம் நிலவியது. சீனத்தின் வறிய பெற்றோர் தம் பெண்மகவைப் பணம் பெற்றுக்கொண்டு பிறர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவர். அச்சிறுமிக்கு ‘மூய் சாய்’ என்று பெயர். கண்டோனிய மொழியில் இதற்குச் சின்னத் தங்கை என்பது பொருள். பெயர் தங்கை, வேலையோ இரவு பகலாக, கூலியோ இல்லை. வயது வந்ததும் அவளை மணம் செய்து கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே வழக்கம் விதித்த கடமை.

நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1932-இல் மூய் சாய் சட்டம் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. புதிதாக எவரையும் மூய் சாயாகக் கொள்ளலாகாது. ஏற்கெனவே உள்ளவர்களைப் பதிய வேண்டும். கொடுமை செய்யலாகாது என்று அது விதித்தது. வீட்டுக்காரர்கள் கண்ட வழி எளியது. ‘இவள் மூய் சாய் அல்லள், எங்கள் வளர்ப்பு மகள்’ என்றனர். உறவுப் பெயர் சட்டத்துக்கு எதிராகக் கேடயமாயிற்று. ஹாங்காங்கிலும் மலாயாவிலும் இதனை ஆராய்ந்த உட்ஸ் ஆணைக்குழு 1937-இல் அறிக்கை தந்தபோது, அதன் உறுப்பினருள் ஒருவரான எடித் பிக்டன்-டர்பர்வில் அம்மையார் மற்ற இருவரோடும் உடன்படாது தனியறிக்கை எழுதினார். எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் கைமாறிய சிறுமியர் அனைவரையும் அரசு காக்க வேண்டும் என்பது அவர் துணிபு. பெயரைப் பாராது நிலையைப் பார்த்தவர் அவர்.

எட்டு வயதளவில் சிங்கப்பூருக்கு விற்கப்பட்ட ஜேனட் லிம் என்பவரின் வாழ்வு இதற்குச் சான்று. சட்டம் வந்தபின் அவர் அவ்வீட்டினின்றும் மீட்கப்பட்டார். 1880-களில் தொடங்கப்பெற்ற போ லியோங் குக் என்னும் காப்பகத்தில் தங்கி, பின்னர்ப் பள்ளி சென்று, தாதியாகிப் புனித ஆண்ட்ரூஸ் மருத்துவமனையில் தலைமைத் தாதியாக உயர்ந்தார். தம் கதையை 1958-இல் ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார். அவரிடம் அறிவும் ஊக்கமும் முன்பே இருந்தன. இல்லாதிருந்தது வெளியே செல்ல ஒரு வாயில்.

கறுப்பும் வெள்ளையும் உடுத்தியோர்

அதே 1930-களில் இந்நாட்டு வீடுகளுக்கு முற்றிலும் வேறான பணிப்பெண்கள் வந்தனர். குவாங்டோங் மாநிலத்தின் சுண்டாக் வட்டாரம் பட்டுக்குப் பேர்பெற்றது. பட்டாலைகளில் உழைத்துத் தாமே பொருளீட்டிய அவ்வட்டாரப் பெண்களுட் பலர் மணம் வேண்டாமென்று நோன்பு பூண்டனர். கூந்தலை வாரி முடிக்கும் சடங்கு அந்நோன்பின் அடையாளம். உலக வாணிகச் சரிவால் பட்டுத் தொழில் நலிந்ததும் அவர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினர். மலாயா, சிங்கப்பூர் அரசுகள் 1933-ஆம் ஆண்டின் அயலார் சட்டத்தால் சீன ஆண்களின் வரவைக் குறைத்தன. பெண்களுக்கு அக்கட்டுப்பாடு 1938 வரை இல்லை. ஆகவே கப்பல்களில் பெண்கள் பல்லாயிரவராக வந்து இறங்கினர்.

வெண்சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த இவ்வமாக்களுட் சிலர் பெரிய வீடுகளில் சமையல், சலவை, பிள்ளை வளர்ப்பு என ஒவ்வொரு வேலையை மட்டும் ஏற்றனர். எல்லா வேலைகளையும் ஒருவரே செய்தால் அவருக்கு ‘யாட் கியோக் தெக்’, அதாவது ஒற்றைக் காலால் எல்லாவற்றையும் உதைத்துத் தள்ளுபவர் என்று பட்டப்பெயர்! பணியில் தூய்மையும் நேரமும் தவறாதவர்கள் இவர்கள். ஆனால் இழிசொல் பொறுக்கமாட்டார்கள். வீட்டுக்காரி வரம்பு மீறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு விடுவார்கள்.

அத்துணிவு எங்கிருந்து வந்தது? சட்டம் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. சீனர் நகரில் பல அமாக்கள் கூடி வாடகை கொடுத்து ஓர் அறையை வைத்திருப்பர். கொங்சி அறை என்பது அதன் பெயர். ஓய்வு நாளில் அங்கே கூடுவர். வேலை இழந்தவள் அங்கே படுத்துக்கொள்வாள். எந்த வீட்டில் நல்ல கூலி, எந்த வீட்டில் கொடுமை என்ற செய்தி அங்கே பரவும். புது வேலையும் அங்கிருந்தே கிடைக்கும். முதுமைக்குச் சைவ மடங்கள் இருந்தன. பாயும் பெட்டியும் மட்டுமே கொண்ட அச்சிறிய அறைதான் அவர்களை வினைவலராக நிலைநிறுத்தியது. மூய் சாய்க்கும் அமாவுக்கும் வேலையில் வேறுபாடு மிகுதியில்லை. ஒருத்திக்குப் போக்கிடம் இல்லை, மற்றொருத்திக்கு இருந்தது. அவ்வளவே.

தோட்டத்து ஆயாக்கொட்டகை

நம்மவர் நிலையையும் ஈண்டுக் காண வேண்டும். தோட்டத் துரைமார் பங்களாக்களில் தமிழர் பலர் சமையற்காரராகவும் தோட்டக்காரராகவும் ஆயாவாகவும் இருந்தனர். ஆனால் வரலாற்றில் நாம் சிறப்பாகக் குறிக்க வேண்டியது பங்களாவை அன்று; லயன் வீடுகளுக்கு அருகே இருந்த ஆயாக்கொட்டகையை. பால்மரம் வெட்டும் தாய் இருள் பிரியுமுன் எழுந்து கைக்குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். வெட்டு வேலைக்கு இயலாத முதியவள் ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். அவளுக்குத் தோட்டம் கூலி கொடுத்தது.

கொட்டகை பெரும்பாலும் எளியதே. தோட்டம் அதனை அமைத்தது தாய்மாரின் உழைப்பைப் பெறுவதற்காகவேயன்றி அருளால் அன்று. எனினும் அதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பிள்ளை பார்ப்பது ஒரு வேலை, அதற்கு நேரம் உண்டு, கூலி உண்டு, வேலை முடிந்தால் அவள் தன் வீட்டுக்குப் போகலாம். நகரத்து மாளிகைகள் ஏற்கத் தயங்கிய கணக்கைத் தோட்டத்துக் கொட்டகை ஏற்றிருந்தது.

அடுக்குமாடி வீட்டினுள்

போருக்குப்பின் புதிய அமாக்களின் வரவு நின்றது; இருந்தவர்கள் மூப்படைந்தனர். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தன. 1961-இல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணி தொடங்கியது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் 1972-இல் பிறந்தது. வீட்டு வேலைக்குச் சென்றிருக்கக்கூடிய உள்ளூர்ப் பெண்கள் தொழிற்சாலைக்குச் சென்றனர். தொழிற்சாலை வேலை எளிதானதா? இல்லை. ஆனால் மணி அடித்தால் அங்கே வேலை முடியும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. போக்கிடம் கிடைத்தவுடன் அவர்கள் போய்விட்டனர்.

சிங்கப்பூரில் 1970-இல் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் மூவர் வேலைக்குச் சென்றனர். இந்நாளில் பத்தில் அறுவர்க்கு மேல். துவைக்கும் இயந்திரம் துணியைத் துவைக்கும். பாட்டிக்கு மருந்து கொடுக்குமா? காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை மடியில் கிடத்துமா? எனவே 1978-இல் தாய்லாந்து, இலங்கை, பிலிப்பீன்ஸ் நாடுகளிலிருந்து பணிப்பெண்களை வரவழைக்கும் திட்டத்தைச் சிங்கப்பூர் தொடங்கியது. பின்னர் இந்தோனீசியா, இந்தியா, மியன்மார் முதலிய நாடுகளிலிருந்தும் பலர் வந்தனர். 2023 இறுதியில் அவர்கள் தொகை 286,000-ஐத் தாண்டியிருந்தது.

இவர்கள் அடியோர் அல்லர். ஒப்பந்தமும் கூலியும் உடையவர்கள். ஆயினும் வேலை அனுமதி ஒரு வீட்டோடு பிணைந்தது; உறைவதும் அவ்வீட்டிலேயே; வந்த செலவுக்கான கடன் பலருக்குத் தொடக்க மாதங்களின் கூலியில் கழிகிறது. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் இவர்களை உட்படுத்தவில்லை. வெளிநாட்டு ஊழியர் பற்றிய தனிச் சட்டமே இவர்களுக்குரியது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் விதி 2013-இல்தான் வந்தது. அதனையும் பணம் கொடுத்து ஈடுகட்ட இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் அவ்வாறு ஈடுகட்டலாகாது என்னும் விதி 2023-இல் வந்தது. மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இவர்களை ‘வீட்டு வேலைக்காரர்’ என்றே குறித்து, வேலை நேரம், ஓய்வு பற்றிய விதிகளுக்குப் புறத்தே வைத்தது. அச்சொல் ‘வீட்டுப் பணியாளர்’ என மாறியது 2023-இல். கொடுமைகள் பற்றிய செய்திகளால் 2009-இல் இந்தோனீசியா தன் பெண்களை மலேசியாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. வார ஓய்வும், கடப்பிதழைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையும் 2011-ஆம் ஆண்டின் உடன்பாட்டில் இடம்பெற்ற பின்னரே அது மீண்டும் தொடங்கியது. வீட்டுப் பணியாளர்க்கும் பிற தொழிலாளர்க்குரிய அடிப்படை உரிமைகள் உண்டு என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் உடன்படிக்கை இயற்றியதும் அதே 2011-இல்தான்.

‘வீட்டுப் பிள்ளை போல’

‘எங்கள் வீட்டில் அவள் பிள்ளை போல’ என்று பலர் கூறுவர். மனமாரக் கூறுவோரும் உளர். அவர்தம் அன்பை நாம் ஐயுற வேண்டியதில்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தின் இடர்ப்பாடும் மெய்யானதே. ஆனால் வரலாறு ஒன்றை நினைவூட்டுகிறது. தங்கை என்று பெயரிட்டே கூலி மறுத்தனர். வளர்ப்பு மகள் என்று கூறியே பதிவை மறைத்தனர். பிள்ளைக்கு வீட்டில் பங்கு உண்டு. கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வர உரிமை உண்டு. இவ்விரண்டையும் கொடாது உறவுப் பெயரை மட்டும் கொடுப்பது நிறைவான கொடையாகாது. அன்பு இருக்கட்டும், அதனோடு ஓய்வு நாளும் உரிய கூலியும் அவள் கடப்பிதழ் அவள் கையிலும் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் லக்கி பிளாசாவில் பிலிப்பீன்ஸ் பெண்களும், பெனின்சுலா பிளாசாவில் மியன்மார்ப் பெண்களும் கூடியிருப்பதைக் காண்கிறோம். கூட்டம் என்று முகஞ்சுளிப்போரும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புவதும், தம் மொழியில் பேசிச் சிரிப்பதும், எந்த வீடு நல்ல வீடு என்று கேட்டறிவதும் அங்கே நடக்கின்றன. அன்றைய கொங்சி அறையின் வேலையை இன்று அவ்விடங்கள் செய்கின்றன என்பதை உணர்ந்தவர் முகஞ்சுளிக்கமாட்டார்.

ஆசிரியப் பெருமக்கள் அடியோரையும் வினைவலரையும் பற்றி வகுப்பில் விளக்கும்போது, அவ்வேறுபாடு ஏட்டில் மட்டும் உறங்குவதன்று என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். ஒருவர் செய்யும் வேலையைக் கொண்டு அவர் எச்சாரார் என்று கூறிவிட முடியாது. அவர் வெளியே செல்லும் கதவைத் திறக்கும் சாவி எவர் கையில் உள்ளது என்று பார்த்தே கூற முடியும்.