எக்ஸ்-கதிர்க் கலையாய்வும் மாத்தளையின் குகை ஓவியங்களும்

ஓவியம், சிலை, ஏட்டுச்சுவடி போன்ற பழம்பொருள்களிலிருந்து ஒரு துகளைக்கூடப் பெயர்க்காமல், அவற்றின் உள்ளமைப்பையும் மூலப்பொருளையும் அறிய உதவும் முறையே எக்ஸ்-கதிர்க் கலையாய்வு. இயற்பியலாளர் ரொன்ஜன் இக்கதிரை 1895இல் கண்டறிந்தார். மறு ஆண்டே ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் ஓர் ஓவியம் அதன் முன் வைக்கப்பட்டது. இம்முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள இலங்கையின் மாத்தளை மாவட்டம் நல்ல களம். 1982இல் உலக மரபுரிமைத் தலமான சிகிரியாவும், 1991இல் அந்தத் தகுதியைப் பெற்ற தம்புள்ளைக் குகைக் கோயிலும், பௌத்த மறைகள் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடமென மரபு போற்றும் அலுவிகாரையும் இங்கேதான் உள்ளன.

பலருக்கும் தெரிந்த வடிவம் ஊடுகதிர்ப்படம். பொருளின் ஒரு பக்கம் கதிர்க்குழாய், மறுபக்கம் படத்தகடு. இடையில் அடர்த்தியான பகுதி வெளிறித் தெரியும். உலோகச் சிலைகளுக்கு இது மிகவும் ஏற்றது. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜ் முதலியோர் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளை இவ்வாறு ஆராய்ந்தனர். வார்ப்பின்போது உள்ளே தங்கிவிட்ட காற்றுக்குமிழும் வெடிப்பும் ஒவ்வொரு சிலையிலும் வேறுபடும். அவற்றைப் பதிந்துவைத்தால், களவுபோன சிலை திரும்பி வரும்போது அது அதே சிலைதானா எனச் சொல்லிவிடலாம்.

ஆனால் மாத்தளையின் பெருஞ்செல்வம் பாறையோடு ஒட்டியது. சிகிரியாவில் தீட்டப்பட்ட பெண்ணுருவங்களுக்குப் பின்னால் இருப்பது மலை; அங்கே படத்தகட்டை எங்கே வைப்பது? தம்புள்ளையில் சுமார் 14 மீற்றர் நீளத்தில் கிடக்கும் புத்தர் சிலையும் அதே பாறையில் குடைந்தெடுத்ததுதான். ஆகவே இங்கே கைகொடுக்கக்கூடியது ஒரே பக்கத்திலிருந்து இயங்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறை.

இதன் இயக்கம் எளிது. பாயும் கதிர் அணுவின் உள்வட்ட எலெக்ட்ரனை வெளியே தள்ளுகிறது. அந்த வெற்றிடத்தில் வெளிவட்ட எலெக்ட்ரன் ஒன்று வந்து விழும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் புதிய எக்ஸ்-கதிர் பிறக்கிறது. 6.4 கிலோ எலெக்ட்ரன் வோல்ட்டில் கதிர் வந்தால் அங்கே இரும்பு உண்டு. கையில் ஏந்தும் கருவியாலேயே சுவரைத் தொடாமல் ஒரு புள்ளியைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம்.

தம்புள்ளையில் இதன் பயன் பெரிது. அங்குள்ள ஐந்து குகைகளில் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்புக்கு ஓவியங்கள் விரிந்துள்ளன. அவை ஒரே காலத்தவை அல்ல. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னன் நிசங்கமல்லன் இங்கே 73 சிலைகளுக்குப் பொன் பூசுவித்தான் என்பது வரலாறு. 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் குகைகள் பெருமளவில் புதிதாகத் தீட்டப்பட்டன; ஐந்தாம் குகை 1915இல் மீண்டும் வண்ணம் பெற்றது. எந்தக் கை எங்கே முடிந்து எந்தக் கை தொடங்குகிறது என்பதைக் கண்ணால் மட்டும் சொல்வது கடினம். சாதிலிங்கமும் காவியும் பார்வைக்குச் சிவப்பே. கருவிக்கோ முன்னது பாதரசம், பின்னது இரும்பு. டைட்டேனியம் மிகுதியாகத் தெரிந்தால் அந்த வெள்ளை 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது அல்ல. பிற்காலத்தார் திருத்திய இடம் அது. பூச்சின் அடியில் பொன் எஞ்சியிருந்தால், மேலுள்ள அடுக்கு மெல்லியதாக இருக்குமிடத்தில் அதுவும் தன்னைக் காட்டும்.

இருந்தும் கருவி சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அரிதாரத்திலுள்ள ஆர்சனிக்கும் ஈயமும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், 10.5 கிலோ எலெக்ட்ரன் வோல்ட்டையொட்டி, முதன்மைக் கதிரை வெளியிடும்; இரண்டாம் கதிர்களையும் பார்த்தே பிரித்தறிய வேண்டும். கண்டி மரபு ஓவியர் கொறுக்காய்ப்புளி இனத்து மரப்பிசினிலிருந்து எடுத்த மஞ்சளும் விளக்குக்கரியும் இந்தக் கருவிக்குத் தென்படுவதேயில்லை. கரிமம் போன்ற இலேசான தனிமங்களின் கதிர் காற்றிலேயே அடங்கிப்போகும்.

சிகிரியாவின் பழைய புதிரொன்றும் இந்த எல்லையில்தான் நிற்கிறது. காசியப்பன் ஆண்ட 5ஆம் நூற்றாண்டின் அந்த ஓவியங்களை, ஈரச்சாந்தின்மீது தீட்டும் முறையின் பெயரால், பிரெஸ்கோ என்றே உலகம் அழைக்கிறது. தொல்லியல் திணைக்களத்தின் வேதியியலாளராக இருந்த ராஜா டி சில்வா சாந்தையும் நிறத்தையும் ஆராய்ந்து, உமியும் நாரும் கலந்த களிமண் அடுக்குகள்மீது சுண்ணச்சாந்து, அதன்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்நிறங்கள் என விளக்கினார். நிறத்தைப் பிணைத்த பொருளில் எண்ணெய் இருந்தது என்பதும் அவர் முடிவு. எண்ணெயா, ஈரச்சாந்தா என்ற கேள்விக்கு ஒளிர்வுக் கருவியால் தனித்து விடை தர முடியாது. எப்படித் தீட்டியிருந்தாலும் சுண்ணத்தின் கல்சியம் தெரியத்தான் செய்யும். அகச்சிவப்பு நிறமாலை போன்ற முறைகளும் உடன் வரவேண்டும்.

1967 ஒக்டோபரில் விஷமிகள் அந்த ஓவியங்கள்மீது பச்சைப் பூச்சை அப்பினர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சி வந்து அவற்றைச் சீர்செய்தார். ஒவ்வோர் உருவத்தின் தனிமப் பரம்பல் படமும் முன்கூட்டியே இருப்பது எத்தனை பெரிய காப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. எது பழைய பச்சை, எது வந்து சேர்ந்த பச்சை என்பதை அத்தகைய ஆவணம் பிரித்துக் காட்டக்கூடும்.

கதிர் முற்றிலும் தடமற்றது என்றும் எண்ணக்கூடாது. சுடுமண் பொருளின் வயதை அறியும் வெப்ப ஒளிர்வு முறை, அது காலங்காலமாகப் பெற்ற கதிரியக்கத்தை அளந்தே கணிக்கிறது. முதலில் எக்ஸ்-கதிர் பாய்ச்சினால் அந்தக் கணக்குப் பிழைக்கும். எனவே வயதுக்கான மாதிரியை முன்னரே ஒதுக்கிவைக்க வேண்டும்.

இனி ஏட்டுச்சுவடிகளுக்கு வருவோம். அலுவிகாரையின் பழைய ஏட்டு நூலகம் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. வேறிடங்களில் எஞ்சி, ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியாத ஏட்டுக்கட்டுகளுக்கு, பல கோணங்களில் எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து உட்புறத்தைக் காட்டும் நுண் கணினித் துளாவல் (micro-CT) ஒரு வழி. இஸ்ரேலின் என்கெதியில் கிடைத்த கருகிய சுருளை இவ்வாறே விரிக்காமல் படித்தனர். அதன் மையில் உலோகம் இருந்தது உதவிற்று. பனையோலை எழுத்தில் பூசும் கரிக்கு அத்தகைய அடர்த்தி கிடையாது. ஆனால் ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளம் இருக்கிறது. போதிய நுணுக்கத்தோடு படமெடுத்தால் அந்தப் பள்ளத்தின் வடிவமே வாசிப்புக்கு வழிகாட்டக்கூடும்.