அசலும் மாற்றமும்: ஓர் இத்தாலிய இயந்திரத்தின் இந்திய வாழ்க்கை

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வாரநாள்களில் உறை போட்டு நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் ஓட்டி மகிழ்வது ஐரோப்பாவில் நடுத்தர வருவாய் உள்ளவர்க்கும் எட்டக்கூடிய பொழுதுபோக்கு. கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் அதே ஆசை கொண்ட ஒருவருக்கு அந்தக் கார் எளிதில் கிடைத்ததில்லை. இதற்குப் பணம் மட்டும் காரணமன்று. சட்டமும் தொழிற்கொள்கையும் சேர்ந்தே அதைத் தடுத்தன. அந்தத் தடையின் நடுவே இந்தியாவில் வேறொரு வழக்கம் உருவானது. வாங்க முடியாத ஸ்போர்ட்ஸ் காரை, கையில் இருந்த குடும்பக் காரிலிருந்து பட்டறையில் செய்துகொண்டார்கள். இன்று பழைய கார்களைப் பாரம்பரியமாக ஏற்கும் விதிகள் எழுதப்பட்டுள்ளன. ஆனால், அவ்வாறு செய்துகொள்ளப்பட்ட கார்களுக்கு அவற்றில் இடமில்லை.

முழுமையாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதியை இந்திய அரசு 1949-இல் நிறுத்தியது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் என்று 1953-இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. பாகங்களைக் கொணர்ந்து பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சிய சந்தையில் மூன்று கார்கள் நிலைபெற்றன. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர் உருவானது. பம்பாய் குர்லாவில், வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100 காரை உருவாக்கியது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ஹெரால்டை உருவாக்கியது. ஹெரால்டின் வடிவத்தை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலாட்டி. ஆக, மூன்றில் ஒன்று பிறப்பால் இத்தாலியக் கார். மற்றொன்று வடிவத்தால் இத்தாலியத் தொடர்புடையது.

சால்ட் லேக்கும் இதே திட்டமிடல் காலத்தின் பிள்ளை. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியில், 1962-இல் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்வழி கொண்டுவந்து உவர்ச் சதுப்பை நிரப்பும் பணி தொடங்கியது. நகரின் வரைவைத் தந்தவர் யுகோஸ்லாவிய வல்லுநர் டோப்ரிவோயே டோஷ்கோவிச். அகன்ற சாலைகள், சந்திகளில் வட்டத் தீவுகள், இரண்டு ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்ட வட்டாரங்கள் என அது வளர்ந்தது. அரசு ஒதுக்கிய மனையில் வீடு கட்டுவதும், பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கார் வாங்குவதும் ஒரே தலைமுறையின் அனுபவங்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே 1964-இல் ஏறத்தாழ 12,000 ரூபாய் விலையுள்ள ஃபியட்டை வாங்க வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்றார்.

அந்த ஃபியட்டை வெறும் குடும்பக் கார் என்று ஒதுக்குவோர் அதன் இயந்திரத்தின் வரலாற்றைக் கவனிக்க வேண்டும். 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த இயந்திரத்தின் மூலம் 1937-இல் வந்த ஃபியட் 508 சி காரில் இருக்கிறது. சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 75 மில்லிமீட்டர். 1940-இல் என்ஸோ ஃபெராரி, தம் பெயரில் கார் வெளியிடுவதற்கு முன்பே உருவாக்கிய '815' என்னும் பந்தயக் காரின் எட்டு சிலிண்டர் இயந்திரம் இந்த 508 சி காரின் பாகங்களை அடிப்படையாகக் கொண்டது. போருக்குப் பிறகு டூரினில் தோன்றிய சிசிடாலியா நிறுவனமும் இதே 1100 இயந்திரத்தையே எடுத்துக்கொண்டது. 1947-ஆம் ஆண்டு மில்லே மில்லியா நெடும்பந்தயத்தில் டாட்சியோ நுவொலாரி சிசிடாலியா 202-ஐ ஓட்டி, தம்முடையதைவிட மிகப் பெரிய இயந்திரம் கொண்ட ஆல்ஃபா ரோமியோவுக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தில் வந்தார். பினின்ஃபரினா வடிவமைத்த 202-இன் மூடிய வடிவம் 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1972-இல் அதன் நிரந்தரத் தொகுப்பில் ஒரு 202 சேர்ந்தது.

அதே ஆண்டுகளில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தன் காருக்கு ஃபியட் பெயரைக் கைவிட்டு, முதலில் 'பிரசிடென்ட்' என்றும் பின்னர் 'பத்மினி' என்றும் பெயர் சூட்டியது. அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக நின்ற காரும், பம்பாயின் கருப்பு மஞ்சள் டாக்சியும் ஒரே இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்தாலியில் 1969-இல் 1100 வரிசை முடிந்த பிறகும் குர்லாவில் அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்தது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில்தான் ஓய்வு பெற்றது.

இந்த உறவு இந்தியப் பந்தயத் தளங்களில் நடைமுறையாகவே வெளிப்பட்டது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், செங்குன்றத்தைத் தாண்டி உள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990-இல் திறக்கப்படும் வரை அங்கே பந்தயங்களை நடத்தியது. வங்கத்தில் பாரக்பூர் விமானத் தளத்திலும் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டுப் பந்தயக் கார் வைத்திருந்தோர் மிகச் சிலரே. மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் கொண்டுவந்தார்கள். வாரநாளில் அலுவலகத்துக்குச் சென்ற கார், வார இறுதியில் பின்னிருக்கையும் பம்பரும் கழற்றப்பட்டுப் பந்தயக் காராயிற்று.

மாற்றங்கள் பெரும்பாலும் உள்ளூர் லேத் பட்டறைகளில் நடந்தன. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பகுதியைச் சீவி அழுத்தத்தை உயர்த்துவது, காற்றும் புகையும் செல்லும் துளைகளை அகலப்படுத்தி மெருகேற்றுவது, ஒற்றைக் கார்ப்பரேட்டருக்குப் பதிலாக இரட்டைக் கார்ப்பரேட்டர் பூட்டுவது, ஸ்பிரிங்கைத் தாழ்த்துவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. டூரினில் சிசிடாலியா தொழிற்சாலை செய்ததும் அடிப்படையில் இதுவே. ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தந்த குடும்பக் கார் இயந்திரத்தைக் கூடுதல் திறனுக்குத் தயார்ப்படுத்துவதே இரு இடத்திலும் வேலை. டூரினில் அதற்கு ஒரு நிறுவனப் பெயரும் வரைபடங்களும் விற்பனைப் பட்டியலும் இருந்தன. இந்தியாவில் அந்த அறிவு மெக்கானிக்கின் கையிலும் நினைவிலும் தங்கியது.

காரைப் 'பொம்மை' ஆக்குவதில் சட்டத்தின் பங்கு இங்கேதான் தெளிவாகிறது. கொல்கத்தாவில் 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களை விலக்குமாறு உயர் நீதிமன்றம் 2008-இல் ஆணையிட்டது. தனியார் கார்கள் அதில் அடங்கவில்லை. எனினும் பழைய வாகனம் என்றாலே அகற்ற வேண்டியது என்ற எண்ணம் நிர்வாகத்தில் வலுப்பெற்றது. 2021 அக்டோபர் அறிவிக்கை, 15 ஆண்டுகளைக் கடந்த தனியார் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்த்தியது.

அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வாயில் திறந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ் வாகனம்' என்ற தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த கார், 20,000 ரூபாய்க் கட்டணத்தில் 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணைப் பெறலாம். பதிவு பத்தாண்டுகள் செல்லும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கே காரைச் சாலையில் எடுக்கலாம். மேலும் கார் மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

முதல் நிபந்தனை காரை முறைப்படி வார இறுதிப் பொருளாக்குகிறது. இரண்டாவது நிபந்தனை வரலாற்றை வடிகட்டுகிறது. 1965-இல் பம்பாயிலிருந்து வந்து, ஒருமுறையும் ஹெட் சீவப்படாத ஃபியட் பாரம்பரியம் ஆகிறது. 1968-இல் பந்தயத்துக்காக இரட்டைக் கார்ப்பரேட்டர் பூட்டப்பட்டு, அரை நூற்றாண்டாக அப்படியே ஓடும் ஃபியட்டின் தகுதி கேள்விக்குள்ளாகிறது. இந்தியாவுக்கே உரிய மோட்டார் வரலாற்றைச் சுமப்பது இரண்டாவது கார். விதியோ முதலாவதையே அசல் என்று ஏற்கிறது.

சால்ட் லேக்கின் தட்பவெப்பம் இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. ஃபியட் 1100-க்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரத்தில் தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் துருப்பிடிக்கும். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காமல் இத்தகைய காரை அறுபது ஆண்டுகள் காப்பாற்றுவது அரிது. அந்தப் பராமரிப்பும் உடற்கூட்டில் செய்த மாற்றமாகக் கணக்கிடப்படுமானால், நல்ல நிலையில் காக்கப்பட்ட கார்களே விதிக்கு வெளியே நிற்கும். பாகங்களுக்கு மல்லிக் பஜாரையே நாட வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை செய்யும் வேலையைக் கொல்கத்தாவில் அது செய்கிறது. அங்கே கிடைப்பது மூலப் பாகமா, பிற்காலப் பத்மினியின் பாகமா என்பதைப் பிரித்தறியும் கண்கள் குறைந்துவருகின்றன.

இறக்குமதி வாயிலும் அண்மையில் சற்றே அகன்றுள்ளது. முன்பு 1950-க்கு முன் உற்பத்தியான கார்களையே விண்டேஜ் என்ற பெயரில் கொணர முடிந்தது. 2025-இல் அது 50 ஆண்டுகளைக் கடந்த கார்கள் என்று மாற்றப்பட்டது. 1966-இல் வெளியான ஃபியட் 124 ஸ்பைடர் போன்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இதனால் கோட்பாட்டளவில் வழி உண்டு. சுங்கவரிதான் அடுத்த தடை. சச்சின் டெண்டுல்கருக்குப் பரிசாக வந்த ஃபெராரிக்கு விதிக்கப்பட்ட வரி 1.13 கோடி ரூபாய். அதற்கு அளிக்கப்பட்ட விலக்கு 2003-இல் பெரும் சர்ச்சையாகி, இறுதியில் ஃபியட் நிறுவனமே அத்தொகையைச் செலுத்தியது. இனியும் இத்தாலியிலிருந்து வருவன சிலவாகவே இருக்கும். குர்லாவில் பிறந்தவையே பலவாக இருக்கும்.

பன்னாட்டு நடைமுறை இந்தச் சிக்கலை முன்பே சந்தித்துள்ளது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, தன் அடையாளச் சான்றிதழில் மாறாத கார்களை ஒரு வகையாகவும், தம் காலத்திலேயே மாற்றப்பட்ட கார்களை வேறொரு வகையாகவும் பதிவு செய்கிறது. இரண்டுமே வரலாற்று மதிப்புள்ளவையாக ஏற்கப்படுகின்றன. பின்னாளில் விருப்பம்போல் மாற்றியவை அவற்றிலிருந்து பிரித்து வைக்கப்படுகின்றன. இந்திய விதியில் இத்தகைய நடுவகை ஒன்று சேர்க்கப்பட்டால் சோழவரத்து ஃபியட்டுகளும் பாரக்பூர் ஃபியட்டுகளும் தமக்குரிய பெயரைப் பெறும்.

அதற்குச் சான்று வேண்டும். மாற்றம் 1968-இல் நடந்ததா, 2008-இல் நடந்ததா என்பதை நிறுவக்கூடியவை பழைய பந்தய நிகழ்ச்சி நிரல்கள், லேத் பட்டறை ரசீதுகள், குடும்ப ஆல்பத்தில் கார் நிற்கும் படங்கள், முதிய மெக்கானிக்குகளின் வாய்மொழி ஆகியவையே. ஆவணக் காப்பகங்களில் இவற்றுக்கு இன்னும் தனி அடுக்கு இல்லை. தொழில் வரலாறு பயிலும் மாணவர்க்குப் புதுப்பேட்டையும் மல்லிக் பஜாரும் களப்பணி இடங்களாகத் தோன்றாமலிருப்பது இத்துறையின் குறை. அந்த மெக்கானிக்குகளில் பலர் எழுபதைக் கடந்தவர்கள் என்பதால், இந்தப் பணி காத்திருக்கக்கூடியதன்று.