ராஜகேசரி என்றால் எந்த ராஜகேசரி?

"பி.ஏ. ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் தவறாமல் வரும் கேள்வி. பதிலும் ரெடியா இருக்கும்: "ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு உதவும்." உண்மைதான், ஆனா சப்பையான பதில். பரீட்சைக்குத்தான் என்றால் நாலு நல்ல புத்தகம் போதும், மூணு வருஷம் எதுக்கு? அந்த மூணு வருஷத்தில் கிடைப்பது வேற ஒண்ணு. அதைக் கல்வெட்டை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் "ராஜகேசரி வர்மருக்கு ஏழாம் ஆண்டு" என்கிற மாதிரி மட்டும்தான் தேதி இருக்கும். அரசனின் பெயர் கிடையாது. ராஜகேசரி, பரகேசரி என்று இரண்டு பட்டங்கள். அவற்றை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். முதலாம் ஆதித்தன் ராஜகேசரி. அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி. அப்புறம் கண்டராதித்தன் ராஜகேசரி, அரிஞ்சயன் பரகேசரி, சுந்தர சோழன் ராஜகேசரி, உத்தம சோழன் பரகேசரி, முதலாம் ராஜராஜன் மறுபடியும் ராஜகேசரி. ஆதித்தனின் ஏழாம் ஆண்டுக்கும் ராஜராஜனின் ஏழாம் ஆண்டுக்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கு. எங்க தொழில் பாஷையில் சொன்னால், யுனிக்கே இல்லாத ஒரு ஃபீல்டை ப்ரைமரி கீயா வச்சிருக்காங்க!

இதில் தப்பினால் எல்லாம் தப்பும். அந்தக் கல்வெட்டில் ஒரு நில விலையோ, வரியோ, ஊர்ச்சபை முடிவோ இருக்கும். அதை நூறு வருஷம் தள்ளி வைத்தால் அதன்மேல் கட்டுகிற பொருளாதார வரலாறு முழுக்கக் கோணலாகிவிடும்.

எப்படித் தீர்க்கிறார்கள்? மதுரை கொண்டவன் என்ற அடைமொழி இருந்தால் பெரும்பாலும் பராந்தகன். காந்தளூர்ச் சாலையைச் சொன்னால் பெரும்பாலும் ராஜராஜன். அடைமொழி இல்லையா, ஆட்களைத் தேடணும். செம்பியன் மாதேவியின் பெயர் வந்தால் சந்தோஷப்படலாம், ஆனா அரை சந்தோஷம்தான்: கண்டராதித்தனின் அரசியான அவர் ராஜராஜன் காலம் வரை வாழ்ந்தவர். கிழமை, நட்சத்திரம், திதி இருந்தால் வானியல் கணக்குப் போடலாம். கீல்ஹார்ன் அப்படிக் கையால் கணக்குப் போட்டுத்தான் ராஜராஜன் பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று சொன்னார்.

கடைசியில் எழுத்தின் வடிவம். இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த திருமழபாடி வருகிறது. அந்தக் கோயில் விமானத்தை இடித்துப் புதுசாகக் கட்டச் சொன்ன ராஜராஜன், அதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொல்கிறான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. மைக்ரேஷனுக்கு முன்னாடி பேக்கப்! ஆக, செய்தி பழசு, எழுத்து புதுசு. எழுத்தை மட்டும் நம்பித் தேதி குறித்தால் அவ்வளவுதான்.

இது கல்வெட்டுக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. ஒரு ப்ராஜெக்ட்டில், வாடிக்கையாளர் டேபிளில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கணக்குகள் தொடங்கப்பட்டதாக இருந்தது. டீமில் ஒருவர் அதைக் கிராஃபாகப் போட்டு "அசுர வளர்ச்சி" என்று ஸ்லைடே செய்துவிட்டார். அது பழைய சிஸ்டத்திலிருந்து டேட்டாவை மாற்றிய நாள். இந்தப் பதிவை யார், எப்போ, எதுக்காக எழுதினாங்க என்ற கேள்வியை எங்க பி.இ. பாடத்திட்டத்தில் எவரும் சொல்லித் தரவில்லை. வரலாற்றுத் துறையில் நல்ல ஆசிரியர் கிடைத்தால் முதல் வருஷமே பழகிவிடும்.

"கம்ப்யூட்டரே படிச்சிடுமே" என்பவர்களுக்கு: நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஒரு தொகுப்படைவை 1978லேயே வெளியிட்டுவிட்டார்கள். அதில் எண்ணுவது கஷ்டமில்லை. ஒருவர் பெயரோடு வரும் "உடையான்" என்பது வெறும் ஒட்டா, நிலம் வைத்திருந்ததற்கான அடையாளமா என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். கராஷிமா அந்தப் பட்டங்களைப் பின்தொடர்ந்துதான் பிற்காலச் சோழர் காலத்தில் தனியார் நிலவுடைமை பெருகியதைக் காட்டினார். அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால், மெஷின் எதைப் படித்துச் சொன்னாலும் சரியா தப்பா என்று பார்க்க ஆள் இருக்காது. என் பயம் அதுதான். என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியாளர்கள் ஸ்ப்ரெட்ஷீட் போடலாம். மைப்படியில் தேய்ந்த எழுத்தைப் படிக்கப் பல வருஷப் பயிற்சி வேணும்.

வேலை விஷயத்தில் பூசி மெழுக விரும்பவில்லை. தொல்லியல் துறைகளில் இடங்கள் குறைவு, அறிவிப்பு வரக் காத்திருக்கணும், ஆரம்பச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். அதனால் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: வரலாறு எடுங்க, கூடவே கிரந்தமும் வட்டெழுத்தும் கத்துக்குங்க, கொஞ்சம் புள்ளியியலும் பைத்தானும் சேர்த்துக்குங்க. அப்புறம் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இரண்டு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கு. அது சரிப்படலைன்னா டேட்டா பக்கம் வாங்க. அந்த மைக்ரேஷன் தேதியைக் கண்டுபிடிக்க எங்களுக்கும் ஆள் வேணும்.