திரையில் வரையும் கருவிகள்

தச்சருக்கு உளியும் இழைப்புளியும் எவ்வாறோ, அவ்வாறே கைப்பேசித் திரைகளையும் வலைத்தளங்களையும் வடிவமைப்போருக்கும் தனிக் கருவிகள் உண்டு. அவை கையால் தொட முடியாத மென்பொருள்கள். பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இத்தொழில் செய்யும் இளைஞர் பலர் இருக்கின்றனர். புகைவண்டிச் சீட்டு எடுக்கும்போதும் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும் நாம் விரல் வைக்கும் பொத்தான்கள் பெரும்பாலும் இத்தகைய கருவியில் முதலில் வரையப்பட்டவையே. இக்கருவிகளின் ஆதாரமான இரு கருத்துகள் 1960களிலேயே தோன்றிவிட்டன. ஆயினும் அவை தொழில் செய்வோர் கைக்கு வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாறு நம் மொழியையும் தொடுகின்றது.

முதற்கருத்தை அளித்தவர் ஐவன் சதர்லண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அவர், 1963ஆம் ஆண்டு ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற மென்பொருளைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். டி.எக்ஸ்-2 என்னும் பெருங்கணிப்பொறியின் திரைமீது ஒளிப்பேனாவை வைத்துக் கோடுகள் வரைய அது வழி செய்தது. அதனினும் சிறந்த அம்சம் ஒன்று உண்டு. ஓர் உருவத்தை மூலமாக வரைந்து வைத்து, அதன் பிரதிகளை வேண்டிய இடங்களில் அமைக்கலாம். மூலத்தை மாற்றினால் பிரதிகள் அனைத்தும் தாமே மாறிவிடும்.

இரண்டாவது கருத்து டக்ளஸ் எங்கெல்பார்ட் தந்தது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய பொறியியலாளர் அவையில், மௌஸ் என்று நாம் இன்று அழைக்கும் சிறு கருவியை அவர் பலரறிய இயக்கிக் காட்டினார். அதே அவையில், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த தம் சகாவுடன் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டு பணி செய்தும் காட்டினார். ஒரே பக்கத்தை இருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒருங்கே திருத்தலாம் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

பின் ஏன் இத்துணைத் தாமதம்? அக்காலக் கணிப்பொறிகள் பெருவிலை கொண்டவை. விலை குறைந்து அவை மேசைக்கு வந்தபோதோ, தனி ஒருவர் பயன்படுத்தும் பொறிகளாகவே வந்தன. 1984ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் கணிப்பொறியுடன் பில் அட்கின்சன் ஆக்கிய ‘மேக்பெயின்ட்’ வெளிவந்தது. அடோபி நிறுவனம் 1987இல் ‘இல்லஸ்ட்ரேட்டர்’ மென்பொருளையும், தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ‘போட்டோஷாப்’ மென்பொருளை 1990இலும் வெளியிட்டது. முன்னது அச்சுக்கலைக்கும் சித்திரத்திற்கும், பின்னது புகைப்படத்திற்கும் உரியவை. வலைத்தளம் வரைவோர்க்கெனத் தகுந்த கருவி வேறில்லாமையால் பலர் போட்டோஷாப்பை இரவல் பெற்றனர். நாற்பது பக்கங்களில் உள்ள ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற வேண்டின் நாற்பது முறை மாற்ற நேர்ந்தது. கோப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று திரும்புவதற்குள் ‘இறுதி’, ‘மெய்யான இறுதி’ என்று அதற்குப் பெயர்கள் பெருகின.

2010ஆம் ஆண்டு நெதர்லாந்திலிருந்து ‘ஸ்கெட்ச்’ என்ற மென்பொருள் வந்தது. திரை வடிவமைப்போர் இதனைப் பெரிதும் கைக்கொண்டனர். சதர்லண்டின் மூலமும் பிரதியும் இதன் வாயிலாக அவர்களுடைய அன்றாடப் பழக்கமாயின. பிரௌன் பல்கலைக்கழகத்தில் பயின்ற டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012இல் தொடங்கிய ‘ஃபிக்மா’, 2016இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அது இணைய உலாவியிலேயே இயங்கியது. ஒரே வரைபடத்தில் பலர் ஒருங்கே பணி செய்ய, ஒவ்வொருவரின் சுட்டியும் அவரவர் பெயருடன் திரையில் நகர்ந்தது. எங்கெல்பார்ட் காட்டியது இவ்வாறு தொழிற்கூடத்தை அடைந்தது.

பலர் கூடும் மேசை யாருக்குச் சொந்தம் என்ற வினா அடுத்து எழுந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், ஃபிக்மாவை ஏறத்தாழ 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது. போட்டி குன்றிவிடும் என்று ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டனின் போட்டி ஆணையமும் ஐயுறவே, 2023 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. தொழிலாளர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அடோபி 2005இல் மாக்ரோமீடியாவை வாங்கியபோது அதனுடன் வந்த ‘ஃபயர்வொர்க்ஸ்’, வலைத்தளம் வரைவோர் விரும்பிய கருவி; 2013இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. ஸ்பெயினில் தோன்றிய ‘பென்பாட்’ போன்ற திறந்த மூலக் கருவிகளை இன்று சிலர் நாடுவதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம் எனலாம்.

இனி நம் மொழிக்கு வருவோம். இக்கருவிகள் ஆங்கில எழுத்தை எண்ணிப் பிறந்தவை. ‘கொ’ என்று எழுதினால், கணிப்பொறி மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அதன் பின்னும் சேமித்து, காட்டும்போது குறியை எழுத்தின் இருபுறமும் பிரித்து வைக்க வேண்டும். 1991ஆம் ஆண்டு வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. எனினும் வரையும் கருவிகள் பல, நெடுங்காலம் நம் எழுத்துகளைச் சிதறவே காட்டின. மற்றொரு தொல்லையும் உண்டு. ‘சப்மிட்’ என்ற சொல்லுக்கென வரைந்த சிறு பெட்டியில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது. வரைபடம் முடிந்தபின் சொற்பட்டியல் மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் வரும். பெட்டியின் அளவு அவருக்குத் தெரியாது. சொல் வெட்டுண்டு நிற்கும்; அதைப் படிக்க இயலாத முதியவர் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிடுவார்.

பலர் கூடும் மேசையில் இக்குறைக்கு மருந்து உண்டு. வடிவமைப்பவர் வரையும்போதே மொழிபெயர்ப்பாளரும் உடனிருந்து, தமிழ்ச்சொல்லை அந்தப் பெட்டியிலேயே இட்டுப் பார்க்கலாம். பெட்டி சிறிதாயின் மூலத்தை ஒருமுறை திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் அது சீர்ப்படும். கருவி இதற்கு இடந்தருகின்றது. மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டியவர் வடிவமைப்பவரே. வெளி மாநிலங்களில் இத்தொழில் செய்யும் நம் இளைஞர்கள், முதல் வரைபடத்திலேயே தமிழையும் மற்ற இந்திய மொழிகளையும் இட்டுப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்வாராயின், நாட்டின் பல மொழியினரும் பயன்பெறுவர்.